கழராத ஸ்ரியறிங் கை

புத்தூர் கிழக்கு,
16.03.2025

அன்பு மகள் தனுசியாவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகன் கேதீஸ்வரனும் பேத்தியும் குளிரில் அடிபடாமல் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் சந்திப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் காலைத் தேத்தண்ணி குடிக்கிறேன். தபாலில் கடிதம் வந்ததைக் கண்டு பயந்துவிடாதே, செத்தவீடு ஒன்றும் இல்லை. கிழமைக்கு மூன்று தரம் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிற மனிசன் ஏன் இப்போது முத்திரை ஒட்டுகிறான் என்று நினைப்பாய். முகம் பார்த்துச் சொல்ல ஏலாத ஒரு விசயம் பிள்ளை, அதுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவி விட்டது என்று உனக்குத் தெரியும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எழுத்தெல்லாம் பேத்தியின் கொப்பியில் இருக்கிற மாதிரிப் பெரிதாக இருக்கும், வரியும் ஏறி இறங்கிப் போகும். வெயில் நேரத்தில் முற்றத்தில் கதிரையைப் போட்டு, மொத்தப் பேனையால் நாளுக்கு ஒரு பக்கமாக எழுதுகிறேன். ஏன் அப்படி என்று கடிதம் முடியும்போது உனக்கே விளங்கும்.

இங்கத்தைப் புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. கார்த்திகையில் பெய்த மழை வெங்காயத்தைப் பாதி அழுகவைத்துவிட்டது, மிச்சத்தைக் கிண்டி எடுத்தோம். அம்மாவுக்கு முழங்கால் உளைவு கூடியும் குறைந்தும் இருக்கிறது, நீ அனுப்பின களிம்பை அவள் தனக்குப் பூசாமல் விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்கு வைத்திருக்கிறாள். லொறி வேப்பமரத்துக்குக் கீழே நாலு கல்லின் மேல் நிற்கிறது, கோழிகள் அதற்கு அடியில் குடியேறிவிட்டன, வாடகை கேட்கிற எண்ணம் எனக்கு இல்லை.

இனி விசயத்துக்கு வாறேன். தைப்பொங்கல் கழிந்து ஒன்பதாம் நாள் விடியப்புறம் வாழைக்குலையோடு திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும்போது நீர்வேலியில் லொறி மதகுக் கட்டில் அடிபட்டது உனக்குத் தெரியும். பக்கத்துச் சீற்றில் இருந்த சந்தியோகு மாமாவின் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்ததும் தெரியும். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று உனக்கு ஃபோன் எடுத்து, ஸ்ரியறிங் நழுவிவிட்டது பிள்ளை, நான் திருப்பத் திருப்ப லொறி கேட்கவில்லை என்று சொன்னேன். நீயும் அழுதுகொண்டு, நல்ல காலம் அப்பா உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றாய். பிறகு பாரிசில் இருக்கிற சந்தியோகுவின் மகன் றோகானுக்கும் நீதான் எடுத்துச் சொன்னாய், ஸ்ரியறிங் நழுவினதாம், அப்பாவில் பிழையில்லையாம் என்று. அந்தச் சொல் என்னிடம் இருந்துதான் புறப்பட்டது. பொலிசு வந்து கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். மதகு நிற்குது, மனிசர் உயிரோடை இருக்கினம் என்று அவர்களும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். முதலில் வாயில் வந்தது அது, பிறகு பத்துப் பேருக்குச் சொல்லச் சொல்ல எனக்கே உண்மை போல ஆகிவிட்டது. படுத்திருக்கும்போது என்ரை உள்ளங்கையில் ஸ்ரியறிங் வழுக்கிக்கொண்டு சுத்துகிற மாதிரி ஒரு உணர்வுகூட வரும். பொய் சொல்லவும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், இல்லை, எட்டாம் வகுப்புப் போதும்.

சந்தியோகுவை மூன்று கிழமை பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்து, காலுக்குள் கம்பி வைத்து, அச்சுவேலியில் அவன்ரை வீட்டுக்கு விட்டார்கள். முழங்கால் முந்தின மாதிரி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டு வருசமாக என்னோடு குலை ஏத்தி இறக்கின மனிசன், இப்போது கட்டிலில் இருந்து யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். பார்க்க வருகிற ஆட்களிடம் அவனும் ஸ்ரியறிங் நழுவினது என்றுதான் சொல்கிறான். அவன்ரை மனிசி யோசப்பின் மாமி அவனிலும் ஒரு படி மேலே போய் நேர்த்தி வைத்துவிட்டாள். காலோடை விட்டதே, உயிரை எடுக்கயில்லையே என்று, பிழை செய்த அந்த இரும்பைக் கழட்டி எடுத்து, செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குக் கொண்டுபோய் அவர் காலடியில் வைப்பதாக. ஆட்கள் வெள்ளியில் காலும் கையும் செய்து வைக்கிற இடத்தில் இவள் லொறி இரும்பை வைக்கப் போகிறாள். நான் என்ன சொல்ல. அதுக்கென்ன தங்கச்சி, நானே கழட்டிக் கொண்டுவந்து தாறன் என்று பெரிய மனிசன் மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த இரும்பு எது என்று உனக்குச் சொல்லவேணும். ஸ்ரியறிங் பெட்டிக்கு அடியால் ஒரு தண்டு வெளியே வரும், அதில் சுத்திவர பல்லுப் பல்லாக வெட்டியிருக்கும். அந்தப் பல்லில் ஒரு இரும்புக் கையைச் செருகி, கீழே பெரிய நட் ஒன்றைப் போட்டு இறுக்கி இருப்பார்கள். நாங்கள் மேலே ஸ்ரியறிங்கைத் திருப்ப, கீழே அந்தக் கைதான் நீளத் தண்டைத் தள்ளி முன் சில்லுகளைத் திருப்பும். அடிபட்டதில் நீளத் தண்டு முருங்கைக்காய் மாதிரி வளைந்துவிட்டதால் சும்மா திருப்பிப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க ஏலாது. நான் சொன்ன கதை உண்மையென்றால் அந்தக் கையின் பல்லுகள் தேய்ந்திருக்க வேண்டும், தேய்ந்த பல்லு தண்டில் நழுவியிருக்க வேண்டும். கராச் வைத்திருக்கிற தேவராசா தானே வந்து அரை மணித்தியாலத்தில் கழட்டித் தாறன் அண்ணை என்றான். வேண்டாம், புல்லரை மாத்திரம் தா, நான் பார்க்கிறன் என்றேன். அறுபத்தெட்டு வயசிலை உங்களுக்கு ஏன் உந்த வேலை என்று சிரித்தான். நான் ஏன் அவனை வரவிடவில்லை என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தேன்.

சிவராத்திரி கழிந்த அடுத்த நாள் வியாழக்கிழமை தொடங்கினேன். சாக்கை விரித்து லொறிக்கு அடியில் மல்லாந்து படுத்தால், கறள் பிடித்து நட் எது கை எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே கட்டி. மண்ணெண்ணெய் ஊத்தி ஊற விட்டு, பின்னேரம் நட் கழட்டுகிற சாவியைப் போட்டு, சாவிக்கு மேல் தண்ணிக்குழாய் ஒன்றைச் செருகித் தொங்கினேன். நான்தான் அசைந்தேன், நட் அசையவில்லை. ஏழாம் தரமோ எட்டாம் தரமோ சாவி வழுக்கி, நான் வாயில் கோழிச் செட்டையோடு அந்தப் பக்கத்தால் வெளியே வந்தேன். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, அம்புலன்சுக்கு எடுக்கட்டோ, கறியை இறக்கட்டோ என்று கேட்டாள். இருட்டுகிற நேரம் நட் கழன்றது, நான் ஏதோ நாடு பிடித்த மாதிரி உள்ளே போய்ப் படுத்தேன். வெள்ளிக்கிழமை புல்லரைப் போட்டேன். புல்லர் என்றால் இரண்டு கொழுக்கி கையைப் பிடித்துக்கொள்ள, நடுவில் இருக்கிற திருகு தண்டைத் தள்ளும், திருகத் திருகக் கை கழர வேண்டும். நான் திருகின திருகில் ஒரு கொழுக்கி விடுபட்டு வந்து என்ரை நெற்றியில் முத்தமிட்டது. புளியங்கொட்டை அளவு வீக்கம். அம்மா மஞ்சள் அரைத்துப் பூசினாள், பின்னேரம் வீட்டுக்கு வந்தவர்கள் எனக்கு ஏதோ விரதம் என்று நினைத்துக் கும்பிடாத குறை.

சனிக்கிழமை ஊதுவிளக்கால் சூடு காட்டினேன். இரண்டு நாளாக மண்ணெண்ணெய் குடித்த இரும்புக்கு நெருப்புக் காட்டினால் என்ன நடக்கும் என்று மூளை உள்ளவனுக்குத் தெரியும். கிறீசோடு சேர்ந்து அது பற்றிக்கொள்ள, அம்மா சட்டி கழுவின தண்ணியை வாளியோடு கொண்டுவந்து ஊத்தினாள், நெருப்பும் அணைந்தது, நானும் குளித்தேன். ஆனால் கை கழரவில்லை. தேவராசாவுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். புல்லரை இறுக்கி வைச்சுக்கொண்டு, ஒரு பக்கத்திலை பாரமான இரும்பு ஒண்டை ஆரும் அண்டிப் பிடிக்க, மற்றப் பக்கத்திலை சுத்தியலாலை அடியுங்கோ அண்ணை என்றான். பிடிக்க வேறு ஆள் இல்லை, அம்மாதான் வந்தாள். முழங்கால் உளைவோடு அவள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு லொறிக்கு அடியில் வந்து படுத்து, குழி கிண்டுகிற அலவாங்கின் தடித்த பக்கத்தை அதில் அண்டிப் பிடித்தாள். கலியாணம் கட்டி நாற்பத்தியொரு வருசம், இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் படுத்து இரும்புக்கு அடிப்போம் என்று ஒரு சாத்திரியும் சொல்லவில்லை. நான் அடிக்கிறேன், அவள் பிடிக்கிறாள், கறள் இரண்டு பேரின் முகத்திலும் கொட்டுகிறது. நாற்பது அடி அடித்திருப்பேன். அப்போது அவள் சும்மா, தேங்காய் எத்தனை பாதி திருவவேணும் என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“இஞ்சருங்கோ, இவ்வளவு இறுக்கமாய் நிக்கிறது அண்டைக்கு எப்பிடி நழுவினது?”

அடிபட்ட அடியிலை இறுகியிருக்கும் என்றேன். அவள் ஓம் என்று அலவாங்கைத் திரும்பவும் அண்டிப் பிடித்தாள். எனக்கு அது முந்தின நாளே தெரியும் பிள்ளை. வெள்ளிக்கிழமை கொழுக்கி நெற்றியில் அடித்தபோதே தெரியும். கழருதில்லை, சனியன், கழருதில்லை என்று நான் பேசின ஒவ்வொரு பேச்சும் எனக்கு எதிரான சாட்சி. அது எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு என்ரை கதை பொய். ஆனாலும் அடித்தேன். கழன்று வந்தால் உள்ளே ஏதும் தேய்ந்திருக்காதா என்று ஒரு ஆசை. இன்னும் ஏழெட்டு அடியில் வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம், கை கழன்று சாக்கில் விழுந்தது. அம்மா எழும்பித் தூசியைத் தட்டிக்கொண்டு உலை வைக்கப் போனாள். நான் மண்ணெண்ணெயில் கழுவி வெயிலுக்குக் கொண்டுபோய், நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தேன். முப்பத்தாறு பல்லு. ஒன்று குறையவில்லை, ஒன்று மழுங்கவில்லை, என்ரை வாயில் இருக்கிறதைவிட நல்ல பல்லு.

இனி எழுதப்போவதை அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை, எங்கடை வீட்டில் உனக்குத்தான் முதல் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போன நேரம் நான் அரத்தை எடுத்தேன். பல்லை அராவித் தேய்த்துவிட்டால் யோசப்பின் கொண்டுபோய் வைப்பாள், பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள், கதை முடிந்தது என்று நினைத்தேன். இரும்பை மடியில் வைத்து அராவத் தொடங்கினால், பல்லு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தேன், வெயிலுக்குத் திருப்பினேன், பனிக்குள் பார்க்கிற மாதிரி ஒரு சாம்பல் வட்டம்தான் தெரிந்தது. நாலு தரம் இழுத்துப் பார்க்க, மூன்று தரம் போனது என்ரை பெருவிரலில். பல்லில் ஒரு கீறல், விரலில் மூன்று கீறல். கண் தெரியாததை மறைக்கக் கள்ளவேலை செய்யப்போய், அந்த வேலைக்கும் கண் காணாமல் இருந்த ஒரு மனிசனை நீ வேறு எங்கும் பார்க்கமாட்டாய். சிரித்தேன் பிள்ளை, உண்மையாகவே சிரித்தேன்.

ஓம், என்ரை கண். நீ இரண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறாய், போய்க் காட்டுங்கோ அப்பா என்று. காட்டினேன், ஒன்றும் இல்லையாம் என்று போன வருசம் சொன்னேன் அல்லவா, அதுவும் பொய், நான் போகவே இல்லை. வெண்படலம் என்று சொன்னால் லொறியை நிற்பாட்டச் சொல்வாய், அம்மா அழுவாள், வீட்டில் இருந்து நான் என்ன செய்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கு விடிய நல்ல பனி, எதிரே ஒரு பஸ் லைற்றோடு வந்தது, எனக்கு முன்னாலே வெள்ளைத் துணி கட்டின மாதிரி இருந்தது. றோட்டு எங்கே முடிகிறது, மதகு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஸ்ரியறிங் எந்தப் பக்கம் திருப்பச் சொன்னாலும் திரும்பியிருக்கும். திருப்பவேணும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை இரும்பைப் பேப்பரில் சுத்திப் பையில் போட்டுக்கொண்டு பஸ்சில் அச்சுவேலிக்குப் போனேன். யோசப்பின் கதவைத் திறந்து, பையைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, இருங்கோ அண்ணை, தேத்தண்ணி போடுறன் என்று உள்ளே போகப் பார்த்தாள். நில்லு தங்கச்சி, இரண்டு பேரும் இருக்கச் சொல்லவேணும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். இரும்பை எடுத்துச் சந்தியோகுவின் கையில் கொடுத்து, தடவிப் பார், ஒரு பிழையும் இல்லை, ஒரு கீறல் இருக்கு, அது நேற்று நான் அராவினது, பிழை என்ரை கண்ணிலை என்றேன். அவன் தடவிப் பார்க்கவில்லை. நெஞ்சில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

“எனக்குத் தெரியும். நான் மதகு எண்டு சொன்னனான். நீ எந்த மதகு எண்டு கேட்டனீ. எங்களிட்டை அவ்வளவு நேரம் இருந்தது, தம்பிராசா.”

எனக்கு அது ஞாபகம் இல்லை. அவன் சொன்ன பிறகு ஞாபகம் வந்தது. இன்னும் ஒன்றும் ஞாபகம் வந்தது. போன ஒரு வருசமாக அவன் பக்கத்தில் இருந்துகொண்டு, சைக்கிள் ஒண்டு போகுது, உதிலை ஒரு மாடு நிக்குது, பள்ளிக்கூடப் பிள்ளையள் வருகுதுகள் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வருவான். வயசு போகப் போக அலட்டுகிறான் என்று நான் ஒரு நாள் பேசியும் இருக்கிறேன். அவன் அலட்டவில்லை, எனக்கு றோட்டைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். ஏன் அப்பவே லொறித் திறப்பைப் பறிக்கவில்லை, ஏன் நீயும் ஸ்ரியறிங் என்று சொன்னாய் என்று கேட்டேன். நீ அதைச் சொல்லிப்போட்டாய், பிறகு நான் உன்னைப் பொய்யனாக்கிறதோ என்றான். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

யோசப்பின் அதுவரை சுவரோடு நின்றவள், அப்ப நான் எதுக்கு நேர்த்தி வைச்சனான் அண்ணை, ஒண்டரை மாதமாய் இரும்பைத் திட்டினனான் என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கட்டிலுக்கு வந்து புருசனின் நெஞ்சில் இருந்த இரும்பை எடுத்து, பேப்பரில் திரும்பச் சுத்தி, வெளியே கொண்டுபோய் வாசல்படியில் என்ரை செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். தேத்தண்ணி வரவில்லை. நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்குப் பதின்மூன்று நாள், நான் அந்தப் பக்கம் போகவில்லை, அவர்களும் ஃபோன் எடுக்கவில்லை. நாற்பது வருசப் பழக்கத்தில் சந்தியோகுவோடு பதின்மூன்று நாள் கதைக்காமல் இருந்தது இடம்பெயர்ந்த காலத்தில் மாத்திரம்தான்.

அம்மாவுக்கு அன்று பின்னேரமே கண் விசயத்தைச் சொன்னேன், அரம் விசயத்தை மாத்திரம் விட்டுவிட்டு. அவள் அழவில்லை. போன செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள், றோட்டுக் கடக்கும்போது பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி மணிக்கட்டில் பிடித்தாள், நானும் விட்டுக்கொடுத்தேன். இரண்டு கண்ணிலும் வெண்படலம், இடது கண்ணுக்கு முதல் ஒப்பரேசன் செய்யவேணும், சித்திரை கழிய திகதி தந்திருக்கிறார்கள். செய்தால் தெரியும் என்று டொக்டர் பிள்ளை சொல்கிறாள். தெரிந்தாலும் நான் இனி லொறி ஓட்டமாட்டேன், அது உனக்குச் சொல்லுகிற வாக்கு. தேவராசா புல்லரை வாங்க வந்தபோது, கையைத் திரும்பப் பூட்டித் தரட்டோ அண்ணை என்று கேட்டான், வேண்டாம் என்றேன். நாளையின்றைக்குப் பொலிசுக்கும் போய்ச் சொன்னதைத் திருத்தவேணும், அம்மா கூட வருவாள்.

நீ யோசப்பின் மாமிக்கு ஃபோன் எடுத்துச் சமாதானம் பேசவேண்டாம். அவள் பேசாமல் இருப்பது அவளின் நியாயம், அதை நான் இருந்து அனுபவிக்கத்தான் வேணும். என்னைப் பற்றி யோசித்து வேலைத்தலத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியாதே, நேரத்துக்குச் சாப்பிடு, மருமகனையும் குளிருக்குள் தலையை மூடிக்கொண்டு வண்டி ஓட்டச் சொல்லு, கண்ணில் ஏதும் கரைச்சல் என்றால் இரண்டு பேரும் என்னைப் போலப் பிந்தவேண்டாம். பேத்திக்கு அப்பப்பாவின் முத்தம் என்று எழுத வந்தேன், நான் அவளுக்கு அம்மப்பா அல்லவா, பார், தலையும் ஒரு இடத்தில் இல்லை. பிள்ளையார் உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், போகிற வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும்.

ஒன்றை மாத்திரம் மறக்காமல் செய்து தா. றோகானின் பாரிஸ் விலாசத்தை அம்மாவின் ஃபோனுக்கு அனுப்பு. அவனுக்கு நீ ஒன்றும் சொல்லாதே. முதல் தரம் என்ரை பொய்யை உன் வாயால் அவனுக்குச் சொல்லவைத்துவிட்டேன், இரண்டாம் தரமும் உன்னை அனுப்பிவிட்டு நான் ஒளித்திருக்க ஏலாது. உனக்கு இதை எழுத எனக்கு ஏழு நாள் எடுத்தது, நீ என்ரை பிள்ளை. தகப்பன்ரை காலை முறித்தவன் எப்படி ஒரு பிள்ளைக்குக் கடிதம் தொடங்குவது என்று, அன்புள்ள என்று போடலாமோ கூடாதோ என்று, வேறு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரான அப்பா,
சி. தம்பிராசா